இயந்திரம் எஜமானனா?

நாவலூர் சாலையில் அதிகாலையில் நின்று பாருங்கள், தோழர்களே! சிறுசேரி சிப்காட் வளாகத்தை நோக்கிப் பேருந்துகள் அணிவகுத்துச் செல்லும். அந்த மாளிகைகளை எழுப்பியவன் கொத்தனார். வாயிலில் காவல் நிற்பவன் தொழிலாளி. கூட்டிப் பெருக்குகிறவள் நம் சகோதரி. அங்கே விளையும் அறிவில் மட்டும் இவர்தம் பிள்ளைகளுக்குப் பங்கில்லையா?

2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வெளிவந்தது. கேட்ட மாத்திரத்தில் விடை சொல்லும் செயற்கை நுண்ணறிவு இன்று மாணவன் கைப்பேசிக்கே வந்துவிட்டது. விஞ்ஞானச் சோதனைக் குறிப்பையும் அதுவே எழுதித் தருகிறது. ஆனால், அது கண்ணால் கண்டு எழுதுவதில்லை. படித்த கோடானுகோடிச் சொற்களைக் கொண்டு, அடுத்து வரத்தக்க சொல் எதுவெனக் கணக்கிட்டுக் கோக்கிறது. ஆகவே பொய்யையும் மெய்போலவே உரைக்கும்!

ஊசலின் நூலை இருமடங்காக்கினால் அலைவு நேரமும் இருமடங்காகும் என்று அது பிசகிச் சொன்னால் என் செய்வது? ஒரு கல்லும் கொஞ்சம் நூலும் போதும். கால் மீட்டர் நூலில் ஊசல் ஒருமுறை போய்வர ஏறத்தாழ 1 வினாடி. 1 மீட்டர் நூலில் 2 வினாடி. நீளம் நான்கு மடங்கானால்தான் நேரம் இருமடங்காகும். கையால் செய்து பார்த்த மாணவனை எந்த இயந்திரமும் ஏமாற்ற முடியாது. செய்யாத சோதனைக்கு எண்களை எழுதுவதோ கள்ளக் கணக்கு!

இயந்திரத்தை உடைக்கச் சொல்பவர்களல்ல நாம். அதற்கு அடிமையாகாதே என்கிறோம். பாதுகாப்பும் அறநெறியும் கொண்ட செயற்கை நுண்ணறிவுக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2020இலேயே வெளியிட்டது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை டி.என். ஸ்பார்க் பாடத்திட்டம் 2025இல் வந்தது. வரவேற்கிறோம். ஆனால் ஏட்டிலுள்ள திட்டம் வகுப்பறைக்கு வர ஆசிரியர் வேண்டும். அண்டைக் கேரளம் 2024இல் 80,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்க முனைந்ததே, அந்த முனைப்பு இங்கும் தேவை.

மற்றொன்று: 18 வயது நிரம்பாத பிள்ளையின் விவரங்களைப் பெற்றோர் ஒப்புதலின்றிக் கையாளலாகாது என்கிறது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். நம் பிள்ளையின் பெயரும் முகமும் எவருக்கும் சந்தைச் சரக்கல்ல!

எனவே தோழர்களே, பெற்றோர் பெரும்பான்மையினராக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவுக்குச் செல்லுங்கள். கணினி அறை திறந்திருக்கிறதா? ஆசிரியர் பயிற்சி பெற்றாரா? சோதனைச்சாலையில் பிள்ளைகள் தம் கையால் சோதனை செய்கிறார்களா? மூன்றையும் கேளுங்கள். மாளிகை கட்டியவன் மகன் அந்த இயந்திரத்தைக் கேள்வி கேட்கட்டும்!