டிக்கிக்குள்ள சப், லயத்துக்குள்ள அதிர்வு

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வரும் அண்ணன்மார் இப்போதெல்லாம் உடுப்பும் பட்டாசும் மட்டும் கொண்டு வருவதில்லை. பழைய ஆல்டோ காரின் டிக்கிக்குள் 12 அங்குல சப்வூஃபர் ஒன்று, பக்கத்தில் ஒரு ஆம்ப். கார் எல்ல டவுனைத் தாண்டி ஏறும்போதே யார் வாறாங்கன்னு தோட்டத்துக்கே தெரிஞ்சிடும்.

பெரியவர்கள் "பசங்க கெட்டுப் போச்சு" என்கிறார்கள். 2025 ஜனவரியில் 'க்ளீன் ஸ்ரீலங்கா' என்று சொல்லி, பஸ்ஸிலும் த்ரீவீலரிலும் மேலதிகமாகப் பூட்டிய சாமான்களைக் கழற்ற வைத்தது பொலிஸ். நாங்கள் இந்த இரண்டு பக்கமும் இல்லை. சத்தமாகப் பாட்டுக் கேட்க ஆசைப்படுவது குற்றமில்லை என்றுதான் தொடங்குகிறோம்.

ஏனென்றால் தோட்டத்தில் சத்தம் ஒருநாளும் நம்மளோடதா இருந்ததில்லை. விடியுமுன்னே தப்படித்துத்தான் நம்ம பாட்டன் பாட்டியைப் பிரட்டுக்கு எழுப்பினார்கள். அடித்தது நம்ம ஆள், அடிக்கச் சொன்னது துரை. அப்படி அடிச்சவங்களையே சாதி சொல்லித் தள்ளி வைத்ததும் நாமதான். தப்படிக்கிற வீட்டில் சம்பந்தம் வைக்க மாட்டோம், அதே மாதிரி அடி சப்பில் விழுந்தால் கெத்து! இந்தக் கேவலத்தை முதலில் நமக்குள்ளேயே பேசித் தீர்க்கணும்.

எல்ல டவுனையும் பாருங்கள். வெளிநாட்டுக்காரருக்காக இரவில் பாட்டுப் போட்டால் அது 'நைட் லைஃப்'. நம்ம தம்பி காரில் போட்டால் ரவுடித்தனம். 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாதென்று உயர் நீதிமன்றம் 2007இல் சொன்னது எல்லாருக்கும் சேர்த்துத்தான். பையனைப் பார்த்து மட்டும் சட்டம் பேசாதீங்க.

இவ்வளவும் அண்ணன்மாருக்காகப் பேசிவிட்டோம். இனி அண்ணன்மாரோடு பேசணும்.

சப் அடிக்கிற 50 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீற்றர். லயத்துக் காம்பராவே அந்த நீளம் வராது. குரலும் வயலினும் காரின் கண்ணாடியிலேயே பாதி அடங்கிவிடும். தாழ்ந்த ஒலி மட்டும் தகரம், சுவர், கட்டில் என்று எல்லாவற்றையும் ஆட்டிக்கொண்டு போகும். அதாவது உள்ளே இருக்கிற உங்களுக்குப் பாட்டு, வெளியே இருக்கிறவங்களுக்கு வெறும் இடி. எந்தப் பாட்டு என்றுகூட அவங்களுக்குத் தெரியாது.

அந்த இடி யார் மேல் விழுகிறது? துரை பங்களா மேலேயா? அது தூரத்தில், மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. விழுவது, 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கே 2021 வரை கத்த வேண்டியிருந்த நம்ம அம்மா மேல். விடிய எழும்பி ரொட்டி சுட்டு வைத்துவிட்டு மலைக்கு ஏற வேண்டியவள் அவள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஓ.எல் படிக்கிற தங்கச்சி, அந்தப் பக்கம் கைக்குழந்தை. அன்றைக்குத் துரையின் தப்பு பறித்த தூக்கத்தை இன்றைக்கு நம்ம சப் பறித்தால் அதற்குப் பெயர் விடுதலையா?

7 பேர்ச் காணியில் தனி வீடு என்று சொல்லிச் சொல்லியே காலம் போகிறது. ஒழுங்கான வீடும் தனிச் சுவரும் இருந்தால் இந்தச் சண்டையில் பாதி வராது. உண்மைதான். ஆனால் வீடு வரும்வரை சுவர் மெல்லிசுதான் என்று தெரிந்தே அடிக்கிறோமே, அதற்கு என்ன பதில்?

வீதியையும் யோசிங்க. 2025 செப்டெம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அந்த விபத்தைப் பாட்டின் தலையில் நாங்கள் கட்டவில்லை. இந்த மலை வீதி சின்னப் பிழையைக்கூட மன்னிக்காது என்கிறோம். இங்கே வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்துத்தான் ஓட்டுகிறோம். சப் அலறும் காருக்குள் எதிரே வருகிற ஹோர்ன் கேட்குமா? பெட்டரியும் ஒல்டர்நேட்டரும் தாங்காத பெரிய ஆம்ப் பூட்டினால் ஒவ்வொரு அடிக்கும் ஹெட்லைட் மங்கி மங்கி எரியும். பனி மூடிய இரவில் அது விளையாட்டில்லை. பெட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடாமல் டிக்கி வரை வயர் இழுத்தால், தகட்டில் உரசி வயர் தேய்ஞ்ச அன்றைக்குக் காரே பற்றும்.

அப்போ கழற்றி எறியணுமா? தேவையில்லை. ஃபியூஸைப் போடுங்க. வளைவில் சத்தத்தைக் குறைங்க. லயத்துக்குள் வரும்போது சப்பை நிறுத்துங்க. தீபாவளி அன்றைக்குப் பின்னேரம் காரைக் கிரவுண்டுக்குக் கொண்டு வாங்க. தப்படிக்கிற அண்ணன்மாரையும் மரியாதையாகக் கூப்பிடுவோம், எல்லாரும் சேர்ந்து ஆடுவோம்.

இதெல்லாம் ஓவர் என்று நினைக்கிற அண்ணனுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். லயத்தடியில் காரை நிறுத்தி, பாட்டை ஓட விட்டு, கதவைச் சாத்திட்டு இறங்குங்க. பக்கத்துக் காம்பராவுக்குள் போய், அந்த ஆச்சி படுத்திருக்கிற கட்டிலில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்க. பிறகு வந்து எங்களோடு சண்டை பிடிக்கலாம்.