முத்து உண்டு, மூழ்குவார் எங்கே?

தம்பி!

சென்ற திங்கள் சிற்றூர் ஒன்றிலே நமது நாடகம். திரை விழுந்ததும், ஒப்பனையைக் கலைக்காமலே சீட்டுக் கணக்கைக் கேட்டுக்கொண்டு நின்றேன். கணக்கெழுதும் தோழர் மூன்று வகைச் சீட்டுகளின் விலையையும் எண்ணிக்கையையும் படித்து முடித்த நொடியிலே, பக்கத்தில் நின்ற ஒருவன் மொத்தத் தொகையைச் சொல்லிவிட்டான். தோழர் இருமுறை கூட்டிப் பார்த்தார். ஒரு காசும் பிசகவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். எட்டாம் வகுப்பிலே என்னோடு ஒரே பலகையில் அமர்ந்திருந்தவன்! இன்று பருத்தி அரவை ஆலையிலே மூட்டை தூக்குகிறான்.

அந்நாளிலே அவன் எந்தக் கணக்குக்கும் வழி எழுதமாட்டான். விடையை மட்டும் எழுதுவான். "எவனைப் பார்த்து எழுதினாய்?" என்று கேட்டு, ஆசிரியர் அவனைப் பலகைமீது ஏற்றி நிற்கவைப்பார். பார்த்தெழுதுவதற்கு அந்த வகுப்பிலே வேறு எவனுக்கும் விடை தெரியாதே என்று கேட்பார் எவருமில்லை. நின்று நின்று கால் கடுத்தவன், ஒன்பதாம் வகுப்பின் நடுவிலே படிப்பையே நிறுத்திவிட்டான்.

நானும் கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்தவன்தான். ஆனால், 'இந்தப் பிள்ளையிடம் ஏதோ இருக்கிறது' என்று என் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துச் சென்ற பெரியவர் ஒருவர் எனக்கு வாய்த்தார். அவனுக்கு வாய்க்கவில்லை. எனக்கும் அவனுக்கும் உள்ள வேறுபாடு அறிவிலே அல்ல, தம்பி. கண்டெடுத்தவர் ஒருவர் இருந்தார், இல்லை என்பதிலேதான்!

'திறமை' என்ற சொல்லை நாமா பேசுவது என்று நீ கேட்கக்கூடும். நேர்மையான கேள்வி. 'தகுதி போயிற்று, திறமை போயிற்று' என்று கூவித்தானே நம்மவரை வாயிற்படியிலே தடுத்தார்கள்! 1951-இல் உச்சநீதிமன்றம் வகுப்புவாரி உரிமை ஆணை செல்லாது என்றபோது, தமிழகம் கொதித்தெழுந்தது. அதே ஆண்டில் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. அந்தப் போர் திறமைக்கு எதிரான போர் அன்று. திறமை சில தெருக்களிலேதான் பிறக்கும் என்ற பொய்க்கு எதிரான போர்!

சான்று வேண்டுமா? 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பிலே 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளிக்கத் தமிழகச் சட்டமன்றம் சட்டம் இயற்றிற்று. அதற்கு முந்தைய ஆண்டிலே மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். சட்டம் வந்த ஆண்டிலே 300-க்கும் மேற்பட்டோர் நுழைந்தனர். ஓராண்டுக்குள் அறிவு வானத்திலிருந்து பொழிந்ததா? இல்லை. அறிவு இருந்தது, கதவு மூடிக் கிடந்தது!

கதவைத் திறந்தோம். ஆனால், கதவுவரை நடந்துவர வலிவின்றிக் கடைசிப் பலகையிலே கருகும் பிள்ளையை அழைத்துவரும் வேலை யாருடையது?

1913-ஆம் ஆண்டை நினைத்துப்பார். இங்கே, கும்பகோணத்துப் பள்ளியிலே கணக்கில் புலி எனப் பெயரெடுத்த இராமானுசன், கல்லூரியிலே கணக்கைத் தவிரப் பிறவற்றைப் புறக்கணித்து உதவித்தொகையை இழந்தவன். சென்னையிலும் தேர்விலே தோற்றவன். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திரராவ் தம் பொறுப்பிலே திங்களுக்கு 25 ரூபாய் அளித்தார். 1912-இல் துறைமுகக் கழகத்திலே 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தர் வேலை. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர்டி வியந்து பாராட்டிய பிறகே, 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் திங்களுக்கு 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி தந்தது. உள்ளூர் மணியை உலகுக்கு உணர்த்த, கடல்கடந்து ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது!

அதே 1913-இல்தான் பரோடா அரசின் உதவியோடு அம்பேத்கர் நியூயார்க் நகருக்குக் கப்பலேறினார். பள்ளியிலே மற்றப் பிள்ளைகளோடு உட்கார இடமின்றி, சாக்குத்துணியிலே அமர்ந்த பிள்ளை அவர். பம்பாயிலே பூங்கா ஒன்றில் நாள்தோறும் தனித்திருந்து படித்த அந்தச் சிறுவனைக் கேளுஸ்கர் என்ற ஆசிரியர் கண்டார், பேசினார், நூல்கள் தந்தார், பின்னர் பரோடா மன்னரிடம் அழைத்துச் சென்றார். மன்னர் கல்லூரிப் படிப்புக்கு அளித்ததும் திங்களுக்கு 25 ரூபாய்தான்! அந்த 25 ரூபாயும் ஓர் ஆசிரியரின் கண்ணும் அன்று இல்லாதிருந்தால்?

உயர்குலம் எனப்பட்டதிலே பிறந்த இராமானுசனுக்கே அத்தனை அலைச்சல். சேரியிலே பிறந்து, கேளுஸ்கர் எவரும் எதிர்ப்படாமல், எத்தனை பேர் மண்ணாகிப் போயினரோ! பெண்ணாய்ப் பிறந்த காரணத்தாலே, கணக்கெல்லாம் உப்பு புளிச் செலவோடு முடிந்துபோனவர் எத்தனை பேரோ!

டில்லி என்ன செய்தது? 1963-இல் தொடங்கிய தேசியத் திறனறித் தேர்வை, 2021-க்குப் பின் நிறுத்தி வைத்தது. நாட்டின் திறனெல்லாம் கண்டறியப்பட்டுவிட்டதா, தேடத் தேவையில்லாது போயிற்றா? மாநிலத்துக்கும் கடமை உண்டு. முதல் மதிப்பெண் எடுப்பவன் மட்டுமே திறனாளன் அல்லன். ஓயாது கேள்வி கேட்டுத் தொல்லை தருபவனும், பாடம் எளிதாய்ப் போனதால் சன்னல் வழியே வெளியே பார்ப்பவனும் திறனாளனாக இருக்கக்கூடும். அதைக் கண்டுணர ஆசிரியர்க்குப் பயிற்சி தரவேண்டும். சில பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்துத் தனிக்கோட்டை கட்டுவது போதாது. ஊர்ப் பள்ளியிலேயே அந்தப் பிள்ளைக்கு ஏற்ற நூலும் ஆய்வுக்கூடமும் கிடைக்கவேண்டும்.

ஆட்சியிலிருப்போரைக் கேட்டுவிட்டு நாம் கைகட்டி நிற்பதா, தம்பி? எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வு உண்டு. வென்றால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு முடிய ஆண்டுக்கு 12,000 ரூபாய். அப்படியொரு தேர்வு இருப்பதையே அறியாத பெற்றோர் நம் கிளைக்கழகங்களைச் சுற்றியே இருக்கிறார்கள். விண்ணப்பம் வாங்கிக் கொடு. வருமானச் சான்றுக்கு அலுவலகப் படியேறு. மாலையிலே படிப்பகத்து விளக்கின் கீழ் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பயிற்சி கொடு. கொடிக்கம்பம் நடுவதற்குக் குழி தோண்டிய கைகளுக்கு இது பெரிய வேலையா?

ஆலைத் தோழனிடம் அன்றிரவு கேட்டேன்: "உன் மகள் எத்தனையாவது படிக்கிறாள்?" "ஏழாவது" என்றான். "கணக்கு எப்படி?" என்றேன். தலைகுனிந்தபடி சொன்னான்: "விடை சரியாகத்தான் போடுகிறாளாம். வழி எழுதுவதில்லையென்று திட்டுகிறார்களாம்."

அடுத்த வாரம் அந்தப் பள்ளிக்குச் செல்கிறேன். நீ உன் ஊர்ப் பள்ளிக்குச் செல், தம்பி!