கேட் போட்ட டிரெஸ் ஏன் செய்தி ஆகுது?

2016 ஏப்ரல் 10. மும்பை ஓவல் மைதானத்தில் குழந்தைகளோடு கிரிக்கெட் ஆடினார் பிரிட்டன் இளவரசர் வில்லியமின் மனைவி கேட். போட்டிருந்தது அனிதா டோங்ரே டிசைன் செய்த டிரெஸ். அதை வாங்க மக்கள் முண்டியடித்ததில் டிசைனரின் வெப்சைட்டே முடங்கியது.

லாபம் யாருக்கு?

டிசைனருக்கு விற்பனை. மீடியாவுக்கு கிளிக்.

பிரச்னை எங்கே?

டிரெஸ்ஸோடு கேமரா நிற்பதில்லை. 2012-ல், விடுமுறையில் மேலாடையின்றி இருந்த கேட்டின் படங்களை பிரான்சின் 'க்ளோசர்' இதழ் வெளியிட்டது. 2017-ல் தம்பதிக்கு 1 லட்சம் யூரோ இழப்பீடு தர கோர்ட் உத்தரவிட்டது. 2024-ல் சர்ஜரிக்குப் பிறகு அவரைக் காணோம் என்று வதந்திகள் பறந்தன. மார்ச் 22-ல், தனக்கு கேன்சர் என்று அவரே வீடியோவில் சொல்ல வேண்டியதாயிற்று.

நமக்கு என்ன?

செய்தி போடுற எங்களுக்கும், தாம்பரம் ரயிலில் அதைப் படிக்கிற உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. டிரெஸ்ஸை ரசிக்கலாம், தப்பில்ல. ஆனா வதந்தித் தலைப்பைத் தட்டுறதுக்கு முன்னாடி யோசிங்க. அந்த கிளிக்தான் அடுத்த வதந்திக்குக் கூலி.