ஃபெவிக்விக் பக்தர்களும் அசெம்பிளி ஆசாமிகளும்

பழைய மாருதி 800 வைத்திருக்கும் யாரையாவது பிடித்து, டிரைவர் பக்கக் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்பக்கத்து ரெக்சின் அட்டை கீழ் மூலையில் உப்பி, அப்பளம் மாதிரி வளைந்து, ஓரம் தொங்கிக்கொண்டிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். சிலர் அதன் மேல் செல்லோ டேப் ஒட்டியிருப்பார்கள். சிலர் ஒரு நீள ஸ்க்ரூவை அட்டை வழியாக நேராக இரும்புக்குள் இறக்கியிருப்பார்கள். மிச்சப் பேர் கதவை மெதுவாகச் சாத்தப் பழகிக்கொண்டிருப்பார்கள் :-)

1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுபோன வண்டி. "அதுக்குப் போய் இன்டீரியரா?" என்று சிரிப்பவர்கள் அதை விற்கப் போகும்போது சிரிப்பதில்லை. பையனின் காலேஜ் ஃபீஸுக்காக 800-ஐ விற்க நினைக்கும் ஒரு அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வரும் புரோக்கர் பானெட்டைத் திறப்பதற்கு முன் கதவைத் திறப்பார். தொங்கும் அட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்ப்பார். "வண்டி தண்ணில நின்னுருக்கும் போல சார்... உள்ள எல்லாம் போயிருக்கும்" என்பார். எஞ்சின் எப்படி ஓடினாலும் சரி, அந்த ஒரு வாக்கியத்தில் சில ஆயிரம் போச்சு. அப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியாது. ஏனென்றால் அட்டை ஏன் உப்பியது என்று யாரும் அவருக்குச் சொன்னதே இல்லை.

ஏன் உப்பியது? இதுதான் கதையின் மையம், ஆனால் இதைத்தான் யாரும் பேசுவதில்லை.

கார்க் கதவுக்குள் மழைத்தண்ணீர் போகும். போகத்தான் செய்யும். கண்ணாடியை ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டை முழுசாகத் தடுக்காது. உள்ளே இறங்கும் தண்ணீர் கதவின் அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியே போய்விட வேண்டும் என்பதுதான் டிசைனே. அந்தத் தண்ணீர் அட்டையைத் தொடாமல் இருக்க, கதவின் இரும்புக்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருப்பார்கள். பார்த்தால் மளிகைக்கடை கவர் மாதிரி இருக்கும். என்றைக்கோ ஒருநாள் கண்ணாடி மெஷின் மக்கர் பண்ணியிருக்கும். மெக்கானிக் அட்டையைக் கழற்றி, அந்த ஷீட்டைக் கிழித்து, வேலையை முடித்து, கிழித்ததைக் குப்பையில் போட்டுவிட்டு அட்டையை மட்டும் திரும்ப மாட்டியிருப்பார். அன்றைக்கு வண்டி நன்றாகத்தான் இருந்திருக்கும். அடுத்த மழைக்காலத்தில் ஆரம்பிக்கும் வினை. ரெக்சினுக்குப் பின்னால் இருப்பது ஹார்டுபோர்டு, அதாவது அழுத்திய மரநார். தண்ணீர் குடித்தால் உப்பும், உப்பினால் கிளிப் ஓட்டை பிய்யும், கிளிப் விட்டால் அட்டை தொங்கும். அடியில் இருக்கும் ஓட்டைகளில் மண் அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம், கதவுக்குள்ளேயே ஒரு குளம்.

இப்போது நமது வீரர்களுக்கு வருவோம்.

முதல் கோஷ்டி, ஃபெவிக்விக் பக்தர்கள். உடைந்தது எதுவானாலும் ஒரு சொட்டு, மேலே கொஞ்சம் சமையல் சோடா, வீடியோவில் ஒரு தம்ஸ் அப். வீடியோவில் ஒட்டத்தான் செய்யும். வெயிலில் நிறுத்தி வைத்த காருக்குள் ஒட்டினால்தானே விஷயம்? அந்தப் பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும், வளையாது. சென்னை மே மாத வெயிலில் டேஷ்போர்டு விரியும், இரவில் சுருங்கும். நடுவில் இருக்கும் வளையாத ஒட்டு என்ன பண்ணும்? விரிசல் விடும். சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி கறை வேறு.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. கார் உள்பாக பிளாஸ்டிக்கில் பெரும்பகுதி பாலிபுரொப்பிலீன். அதில் அந்தப் பசை சரியாகப் பிடிக்கவே பிடிக்காது. உடைந்த துண்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அம்புக்குறி மாதிரி இரண்டு அடைப்புக்குள் 'பி.பி.' என்றோ 'ஏ.பி.எஸ்.' என்றோ அச்சாகியிருக்கும். ஏ.பி.எஸ். என்றால் அதே பிளாஸ்டிக்கின் துருவலை அசிட்டோனில் கரைத்து, குழம்பு மாதிரி ஆனதும் விரிசலின் பின்பக்கம் பூசினால் இரண்டும் ஒன்றாகக் கலந்து இறுகும். பி.பி. என்றால் எந்தப் பசையும் வேண்டாம். சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, விரிசலுக்குக் குறுக்கே ஸ்டேப்ளர் பின்களைப் பின்பக்கத்திலிருந்து பதித்து, அதே வகை பிளாஸ்டிக்கை உருக்கி மேலே மூட வேண்டும் (ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தப் புகை ஆகாது). திருப்பிப் பார்க்க ஐந்து நொடி. அந்த ஐந்து நொடியைச் செலவழிக்காமல் ஐந்து டியூப் வாங்குகிறார்கள்.

இரண்டாவது கோஷ்டி, அசெம்பிளி ஆசாமிகள். "கிளிப் மட்டும் வராது சார், ஃபுல் அசெம்பிளியா மாத்தணும்." இதைச் சொல்லும்போது கவுன்ட்டர்காரர் கம்ப்யூட்டர் பக்கம்கூடத் திரும்புவதில்லை. கம்பெனிகளின் பாகப் பட்டியலில் கிளிப்புக்குத் தனி நம்பர் உண்டு. ஜி.பி. ரோடு கடைகளில் அதைப் பிடி பிடியாக அள்ளித் தருகிறார்கள், ஒன்று ஒரு டீ விலைகூட ஆகாது. பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் வருவாயினச் செலவு, முதலினச் செலவு என்று ஒரு பாடம் வரும். பழுது பார்ப்பது முதலாவது, புதுச் சொத்து வாங்குவது இரண்டாவது. பழுதைச் சொத்தாக மாற்றி பில் போடும் வித்தை அந்தப் பாடத்தில் இல்லை, கவுன்ட்டரில்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் சில்லறைப் புலம்பல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். உதிரிபாகங்களையும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தாராளமாகக் கிடைக்கவிடவில்லை என்று, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. மேல்முறையீடு, கோர்ட் என்று இழுத்தது தனிக் கதை. பழுது பார்க்கும் உரிமைக்கு வழி செய்ய 2022-ல் மத்திய நுகர்வோர் துறை குழு போட்டபோது, அதன் பட்டியலிலும் மோட்டார் வண்டிகள் இருந்தன. ஆக, 'அசெம்பிளியாத்தான் வரும்' என்பது இயற்கை விதி இல்லை, வியாபார முடிவு.

புது அசெம்பிளியே போட்டாலும் என்ன ஆகும்? கிழிந்த ஷீட் கிழிந்தபடியே இருக்கும். புது அட்டையும் தண்ணீர் குடிக்கும். இரண்டு கோஷ்டிக்கும் வித்தியாசம் பில்லில் மட்டும்தான். முன்பக்கத்தை அழகாக்கிவிட்டு பின்பக்கத்தைப் பார்க்காமல் விடுவதில் இருவரும் கூட்டாளிகள்.

ஒழுங்கான வழி ஒன்றும் ராக்கெட் விடுவது இல்லை. கண்ணாடி சுற்றும் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு பழைய துணியை நுழைத்து இரண்டு பக்கமும் இழுத்தால் உள்ளே இருக்கும் கம்பி லாக் தெறித்து வரும் (எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது, சீட்டுக்கடியில் போனால் அன்றைய பொழுது போச்சு). அட்டையைக் கையால் பிய்க்காமல், கிளிப்புக்குப் பக்கத்தில் தட்டையான எதையாவது கொடுத்து நெம்ப வேண்டும். நிழலில் இரண்டு நாள் காயப் போட்டு, உப்பிய இடத்தில் கனமாக எதையாவது வைத்து அழுத்த வேண்டும். பிய்ந்த ஓட்டையின் பின்னால் மெல்லிய பிளைவுட் துண்டு ஒன்றை எபாக்ஸி வைத்து ஒட்டி, அதில் புது ஓட்டை போட்டால் கிளிப் பழையபடி பிடிக்கும். விலகிய ரெக்சினுக்கு சோபா தைப்பவர் வைத்திருக்கும் மஞ்சள் ரப்பர் பசை. இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அப்புறம் அழுத்த வேண்டும், அவசரப்பட்டால் வராது. மாட்டுவதற்கு முன் கதவடி ஓட்டைகளைக் கம்பியால் குத்திவிட்டு, கெட்டியான பாலிதீன் ஷீட்டை வெட்டி பியூட்டைல் டேப்பால் ஒட்ட வேண்டும். மொத்த வேலையில் முக்கியமான ஐந்து நிமிடம் இதுதான்.

அட்டை பொடிப்பொடியாகிவிட்டதா? அதை வைத்தே வரைந்து புது ஹார்டுபோர்டு வெட்டலாம், அல்லது புதுப்பேட்டையில் கழற்றிய வண்டியின் அட்டையைத் தேடலாம். அங்கேயும் கீழ் மூலையைத் தடவிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், அதுவும் ஷீட் இல்லாத வண்டியிலிருந்து வந்ததாக இருக்கலாம்!

"ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மதிப்பில்லையா?" என்பது நியாயமான கேள்விதான். ஞாயிறும் தங்களுக்குச் சம்பள நாளாக இருப்பவர்கள் சோபா தைப்பவரிடம் கொடுத்துச் செய்துகொள்ளலாம், அவர் இதைவிட நன்றாகவே செய்வார். ஆனால் அவரிடமும் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் போட வேண்டும். கேட்காவிட்டால் அவரும் போடமாட்டார்.

பி.கு.: அந்த நீள ஸ்க்ரூ ஆசாமிகளுக்கு: கதவுக்குள் அந்த இடத்தில்தான் கண்ணாடி இறங்குகிறது. அப்புறம், இதெல்லாம் பழைய வண்டிக் கதவுக்கு மட்டும். புது வண்டிகளில் ஏர்பேக் என்றோ எஸ்.ஆர்.எஸ். என்றோ எழுதியிருக்கும் தூண் உறை, டேஷ்போர்டு, சீட் ஓரம் எதிலும் பசையோ சால்டரிங் அயர்னோ கொண்டுபோக வேண்டாம். அங்கே மட்டும் அசெம்பிளி ஆசாமி சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம்.