பறவைக்குத் தெரியக் கூடாத படகு, மனிதனுக்குத் தெரிய வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். கண்மாய், அணைப் பக்கம் போகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஐந்தாம் வகுப்பு என்னிடம் படித்தவன். இப்போது போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு பார்க்கிறான். ஞாயிறானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கண்மாய் கண்மாயாகச் சுற்றுவான். வைகை அணைப் பக்கம் ஒருவரிடமிருந்து பத்தடி நீளத்தில் பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கியிருக்கிறான். பளீரென்ற வெள்ளை.

"டீச்சர், நூறு மீட்டர் தள்ளி வரும்போதே எல்லாம் எழும்பிப் பறந்துடுது. படகுக்கு உருமறைப்புப் பெயிண்ட் அடிக்கணும். வெளியில கேட்டா பதினெட்டாயிரம் சொல்றாங்க. நீங்கதான் பள்ளிக்கூடத்துக்கே பெயிண்ட் அடிச்சவங்களாச்சே, ஒரு வழி சொல்லுங்க" என்றான்.

கையில் செல்போன். அதில் அமெரிக்காக்காரர்கள் வாத்து வேட்டைக்குப் படகைத் தயார் பண்ணும் வீடியோ. முதலில் ஒன்று சொன்னேன். "தம்பி, அவங்க சுடப் போறாங்க, நீ படம் எடுக்கப் போற. நம்ம நாட்டுல 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. நம்ம மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு ஏரியைச் சுத்தி உள்ள காட்டை 1934-லேயே திருவிதாங்கூர் சமஸ்தானம் சரணாலயம் ஆக்கிடுச்சு. அவங்ககிட்ட பெயிண்ட் வேலையை மட்டும் கத்துக்கோ" என்றேன். சிரித்தான்.

பெயிண்ட் வேலை சுலபம். என்னிடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்து நாம் கரும்பலகைக்குப் பூசியிருக்கிறோம். பிறகுதான் டப்பாவில் பிளாக்போர்டு பெயிண்ட் வந்தது. இரண்டுக்கும் ஒரே குணம், மின்னாது. மின்னினால் கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கு எழுத்து தெரியாது. படகைக் காட்டிக் கொடுப்பதும் பெரும்பாலும் அந்த மினுமினுப்புதான். அதனால் ஜன்னலுக்கு அடிக்கும் எனாமல் பெயிண்டைத் தொடவே வேண்டாம்.

வாங்க வேண்டியது மூன்று டப்பா. இரும்புக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர், மரத்துக்கு அடிக்கும் வெள்ளை பிரைமர், பிளாக்போர்டு பெயிண்ட். கூடவே ஒரு மஞ்சள் ஸ்டெயினர் டியூப். மூன்றும் ஒரே வகைத் தின்னர் ஊற்றுகிறவையா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சிவப்பும் வெள்ளையும் துளி கறுப்பும் சேர்ந்தால் செம்மண், களிமண் நிறங்கள் வரும். மஞ்சளோடு கொஞ்சம் கறுப்பு சேர்த்தால் பாசி நிறம் வரும். இது நான்காம் வகுப்புப் பாடம். படகின் பக்கவாட்டு அளவு பத்தடிக்கு ஒன்றரையடி. இரண்டு பக்கமும் சேர்த்து முப்பது சதுர அடி, விளிம்போடு நாற்பது. அரை லிட்டர் ஒரு கோட்டுக்குப் போதும். திட்டுகளுக்குக் கால் லிட்டர் கூட ஆகாது.

முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பை எடுக்க வேண்டும். பிறகு சம்பு காய்ந்து கிடக்கும் கரையில் ஒரு கீற்றைப் பிடுங்கி வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறம் கலக்க வேண்டும். மாசியில் கரை பச்சையாக இருக்காது, பழுப்பாகத்தான் இருக்கும். பச்சைப் படகு அங்கே தனியாகத் தெரியும். திட்டுகள் பெரிதாக இருக்கட்டும். பொடிப்பொடியாகப் புள்ளி வைத்தால் தூரத்தில் எல்லாம் கலந்து ஒரே நிறமாகிவிடும். முக்கியமாக விளிம்பில் திட்டு ஏறி இறங்க வேண்டும். அந்த நேர்கோடு உடைந்தால்தான் படகு படகாகத் தெரியாது. பிரைமர் வருஷத்துக்கு ஒரு தடவை உதிரும், திரும்ப அடிக்க வேண்டியதுதான். கரும்பலகைக்கும் அப்படித்தானே செய்தோம்?

இதற்கு மேல் ஒன்றையும் சொன்னேன். நமக்குத் தெரியாத புறஊதா ஒளியும் பல பறவைகளுக்குத் தெரியும். நம் கண்ணுக்கு ஒத்துப்போகும் நிறம் அதன் கண்ணுக்கு ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. அதனால் பெயிண்டைவிட அசையாமல் இருப்பதுதான் பெரிய மறைப்பு. ஏலத்தோட்டத்துக்குப் போகிற நம்ம பெண்களைக் கேட்டுப் பாருங்கள். ஏலச்செடியில் காய் அடித்தூரில்தான் காய்க்கும். குனிந்து கையை விடுகிற இடத்தில் மலபார் குழிவிரியன் சுருண்டு கிடக்கும். ஒன்று பச்சையாக இருக்கும், ஒன்று பழுப்பாக இருக்கும். நிறம் எதுவானாலும் அது அசையாமல் கிடப்பதால்தான் கண்ணுக்குத் தப்புகிறது.

இவ்வளவும் கேட்டுவிட்டு அவன் சொன்னதுதான் என்னை இந்தப் பதிவு எழுத வைத்தது. "அப்போ உள்ள, வெளிய, அடியில எல்லாம் ஒரே மாதிரி அடிச்சிடுறேன் டீச்சர். லைஃப் ஜாக்கெட்டும் அதே டிசைன்ல வருது. ஆனா அது அப்புறம் பார்த்துக்கலாம், காசு பத்தாது."

எனக்குப் பழசெல்லாம் கண் முன்னால் வந்துவிட்டது.

1994-ல் ஐப்பசி மழை முடிந்த சமயம். என்னிடம் படித்து முடித்து இரண்டு வருஷம் ஆன பையன் ஒருவன், லாரி டியூப்பில் உட்கார்ந்து கண்மாய்க்குள் மீன்வலை பார்க்கப் போனான். இருட்டும் வரை திரும்பவில்லை. ஊரே கரையில் நின்றது. பெட்ரோமாக்ஸ் விளக்கை வைத்துக்கொண்டு தேடினார்கள். கறுப்பு டியூப், காக்கி டவுசர், சுற்றிலும் ஆகாயத்தாமரை. விடிந்த பிறகுதான் கிடைத்தான். ராத்திரி அந்த இடத்தைத் தாண்டி பத்தடி தூரத்தில் இரண்டு தடவை போயிருக்கிறார்கள். டியூப்பில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தால் பிழைத்திருப்பானா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவன் அம்மா அன்றைய ராத்திரி முழுக்கக் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டாம். அந்த அம்மாவின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

தேக்கடியை மறந்திருக்க மாட்டீர்கள். 2009 செப்டம்பர் 30. சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். காட்டு விலங்கைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்ததாக அப்போது பேப்பரில் படித்தோம். உயிர்காப்பு உடை யார் உடம்பிலும் இல்லை. பார்க்கிற ஆசையில் தண்ணீரை மறந்துவிடுகிறோம். கேமராக்காரனுக்கு அந்த ஆசை இன்னும் அதிகம்.

ஆகவே என் கருத்து இதுதான். மறைந்துகொள்ளுங்கள். ஆனால் உங்களைத் தேடி வருகிறவனிடமிருந்தும் மறைந்துவிடாதீர்கள்.

அதே அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர் பளீரென்ற ஆரஞ்சு உடை போட வேண்டும் என்று பல மாநிலங்களில் சட்டமே இருக்கிறது. மானுக்கு அந்த ஆரஞ்சு பளிச்சென்று தெரியாது, இன்னொரு வேட்டைக்காரனுக்குத் தெரியும். கடல் கப்பல்களில் இருக்கும் உயிர்காப்புப் படகுகளும் ஆரஞ்சுதான். அவ்வளவு ஏன், போடிமெட்டு ஏறும்போது மூடுபனியில் ஜீப்புக்காரர் எதற்கு விளக்குப் போடுகிறார்? தான் பார்ப்பதற்கு மட்டுமா? எதிரே வருகிறவன் தன்னைப் பார்க்க வேண்டும் என்றுதான்.

"பறவைக்கு ஆரஞ்சு நல்லாத் தெரியுமே டீச்சர்" என்றான். சரியான கேள்வி. அதனால்தான் இடம் பார்த்து அடிக்க வேண்டும். பறவை பார்ப்பது படகின் வெளிப்பக்கத்தை. அது மண் நிறமாக இருக்கட்டும். படகின் அடிப்பாகத்தைப் பறவை எப்போது பார்க்கும்? பார்க்கவே பார்க்காது. கவிழ்ந்தால் தண்ணீருக்கு மேலே தெரிவது அந்த அடிப்பாகம்தான். அதற்கு ஆரஞ்சு அடி. எனாமல் வேண்டாம் என்று நான் சொன்னது வெளிப்பக்கத்துக்கு. அடியில் மின்னினால் நல்லதுதான். தண்ணீரில் கிடக்கும் பாகம் என்பதால் ஃபைபருக்கு ஏற்ற நல்ல பெயிண்டாகக் கேட்டு வாங்கு. உள்தரைக்கும் அதே ஆரஞ்சு. உட்கார்ந்தபின் மேலே ஒரு பழைய சாக்கை விரித்துக்கொள். கட்டாதே, சும்மா போட்டுக்கொள். கட்டினால் விழும்போது காலில் சுற்றும். அந்தச் சாக்குக்குள்ளே லைஃப் ஜாக்கெட் ஆரஞ்சாகவே இருக்கட்டும். நீ தண்ணீரில் விழுந்தால் சாக்கு படகில் கிடக்கும், ஜாக்கெட் உன்னோடு வரும்.

காசு? பதினெட்டாயிரம் கேட்ட வேலை கையால் செய்தால் மூவாயிரத்துக்குள் முடியும். மிச்சத்தில் முதலில் ஜாக்கெட், கழுத்தில் மாட்ட ஒரு விசில். அப்புறம் மிஞ்சினால் லென்ஸ்.

"படகே எதுக்கு? கரையில இருந்து எடுக்கட்டுமே" என்று என் சின்ன மதினி கேட்டார். கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற மாதங்களில் அவர் சொல்வதுதான் சரி. படகு கிட்டப் போனால் தாய்ப்பறவை எழுந்துவிடும், காக்கை முட்டையைத் தூக்கிவிடும். எவ்வளவு நல்ல பெயிண்டும் அந்தப் பாவத்தை மறைக்காது. மற்ற நாட்களில் கண்மாய்க்குப் பொறுப்பான அலுவலகத்தில் அனுமதி கேட்டு, மீன்பாசிக் குத்தகைக்காரரிடமும் சொல்லிவிட்டுப் போகட்டும். வீட்டில் எந்தக் கண்மாய், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்றும் சொல்ல வேண்டும்.

நேற்று சாயங்காலம் படம் அனுப்பியிருந்தான். படகைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பாகத்துக்கு முதல் கோட்டு ஆரஞ்சு அடித்திருக்கிறான். "பக்கத்து வீட்டுக்காரர் இது என்னடா பூசணிக்காய்னு கேக்குறார் டீச்சர்" என்று எழுதியிருந்தான். கேட்கட்டும். அந்தப் பூசணிக்காயை யாரும் தண்ணீரில் பார்க்க வேண்டிய நாள் வராமல் இருக்கட்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பரிசலிலோ, டியூப்பிலோ, தெர்மோகோல் மிதவையிலோ தண்ணீருக்குள் போகிறவர்களாக இருந்தால் இன்றைக்கே ஒரு ஆரஞ்சுத் துணியாவது வாங்கிக் கொடுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்