தீட்டிய பலகைகள்



நமது பங்கின் கிளைக் கிராமமொன்றில் உள்ள சிற்றாலயத்திற்காகச் சிலுவைப்பாதை நிலைகள் பதினான்கையும் நாமே ஒட்டுப்பலகையில் தீட்டி வந்தோம். குருமடத்து நாட்களிலிருந்தே தூரிகையின்மீது நமக்கு ஓர் ஆசை. (பேராசிரியர்கள் அதனை ஊக்குவித்தார்கள் என்று சொல்ல இயலாது.) பத்து நிலைகள் முடிந்தவுடன் அவற்றைச் சுவரில் மாட்டிப் பார்த்தோம். படைவீரர், குதிரைகள், எருசலேம் நகரத்து மாடங்கள் என எதையும் நாம் விட்டுவைக்கவில்லை. பின்னால் நின்ற மூதாட்டி ஒருவர் நெடுநேரம் உற்றுநோக்கிவிட்டு, “சாமி, இதிலே நம்ம ஆண்டவரு யாரு?” என்று கேட்டார்.

அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. ஏறத்தாழ ஓராண்டின் மாலைவேளைகள் அப்பலகைகளில் அடங்கியிருந்தன அன்றோ!

அப்போது நம் நினைவுக்கு வந்தது, பிரான்சு நாட்டின் தென்பகுதியில் வான்ஸ் என்னும் ஊரிலுள்ள செபமாலைச் சிற்றாலயம். அதனை வடிவமைத்தவர் 1869-இல் பிறந்த ஓவியர் ஹென்றி மத்தீஸ். 1941-இல் வயிற்றில் பெரும் அறுவைச் சிகிச்சை நடந்தபின் அவரது வாழ்வு பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலுமே கழிந்தது. 1942-இல் அவருக்குப் பணிவிடை செய்த இளம் செவிலி பின்னர் புனித சாமிநாதர் சபையில் சேர்ந்து அருட்சகோதரி ஷாக் மரீ ஆனார். தம் கன்னியர் இல்லத்திற்கு ஓர் ஆலயம் வேண்டுமென்ற அச்சகோதரியின் விருப்பமே இப்பணிக்கு வித்திட்டது. மத்தீஸ் தவறாது கோவிலுக்குச் செல்பவர் அல்லர். எனினும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளை இப்பணிக்கே அளித்தார்.

வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டிச் சுவரில் பொருத்தி, சாளரங்களுக்கான மாதிரியை அமைப்பது அவரது முறை. திருவெளிப்பாட்டு நூல் கூறும் விண்ணக எருசலேமைக் கருவாகக் கொண்டு முதல் மாதிரி உருவாயிற்று. அதில் அவருக்கு நிறைவில்லை, ஒதுக்கிவைத்தார். இரண்டாவது மாதிரியையும் முடித்தபின்னரே ஒரு குறை புலப்பட்டது. கண்ணாடித் துண்டுகளை இணைத்துத் தாங்கும் ஈயப்பட்டைகளை அவர் கணக்கில் கொள்ளவே இல்லை! எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்த நோயாளி ஒருவர், அப்பட்டைகளை எங்கேனும் நுழைத்துச் சமாளித்திருக்கலாம். யார் குறை கூறப்போகிறார்கள்? அவரோ மீண்டும் வெறுந்தாளிலிருந்து தொடங்கினார்.

மூன்றாவதாக எழுந்ததே இன்று அங்கே நாம் காணும் ‘வாழ்வின் மரம்’. நீலம், பச்சை, மஞ்சள் ஆகிய மூன்று நிறங்கள் மட்டுமே. சிவப்பு அறவே இல்லை. நீலமும் பச்சையும் ஊடுருவித் தெரிபவை. மஞ்சளோ ஒளியை மட்டும் விட்டு வெளிக்காட்சியை மறைப்பது. பீடத்தின் பின்னுள்ள சாளரத்தில் இலையாகவும் பூவாகவும் இருப்பது எது தெரியுமா? நமது தென்மாவட்டத்துக் கரிசல் காட்டு வேலிகளில் முள்ளோடு நிற்கும் அதே சப்பாத்திக்கள்ளிதான்! அதன் மஞ்சள் பூவைப் பீடத்திற்கு அழகென்று நாம் ஒருநாளும் எண்ணியதில்லை.

அங்குள்ள சிலுவைப்பாதையே நம்மை மிகவும் நாணச் செய்தது. பதினான்கு நிலைகளும் தனித்தனிப் படங்களாக அன்றி, வெள்ளை ஓடுகள் பதித்த ஒரே சுவரில், கறுப்புக் கோடுகளாலேயே, எண்களுடன் வரையப்பட்டுள்ளன. முதற்பார்வைக்குச் சிறுபிள்ளையின் கிறுக்கல் போன்றது. அவ்வாறு பழித்தவர்களும் உண்டு. ஆயின் நீண்ட மூங்கிற்கழியின் நுனியில் கரித்துண்டைக் கட்டிக்கொண்டு, எத்தனையோ முறை வரைந்து பார்த்தபின் அவர் அடைந்த எளிமை அது. 1951 சூன் 25-ஆம் நாள் நீஸ் மறைமாவட்ட ஆயர் ஆலயத்தை அர்ச்சித்தார். உடல்நலமின்மையால் மத்தீஸ் அவ்விழாவிற்கு வர இயலவில்லை.

எல்லோரும் இவ்வழியில்தான் வரைய வேண்டும் என்பது நம் எண்ணமன்று. அந்த வெறுமை நம் மக்களுக்குப் பிடிக்குமா என்ற ஐயமும் நமக்குண்டு. வண்ணமில்லாத திருநாள் நமக்கேது? ஆகவே ஆண்டவருடைய அங்கிக்கு மட்டும் சிவப்பை வைத்துக்கொள்வதென்றும், குதிரைகளையும் மாடங்களையும் அடியோடு நீக்குவதென்றும் முடிவு செய்தோம்.

மறுநாட் காலைத் திருப்பலி முடிந்ததும் உபதேசியாரை அழைத்து, பத்துப் பலகைகளுக்கும் வெள்ளையடிக்கச் சொன்னோம். அவர் திகைத்து, “ஒன்றையாவது வைத்துக்கொள்ளலாமே, சாமி” என்றார். வேண்டாம் என்றோம். வெள்ளை காய்ந்தபின் நான்காம் நிலையைக் கரிக்கட்டையால் மூன்று முறை வரைந்தாயிற்று. மகனை நோக்கி நீளும் தேவதாயின் கை இன்னும் சரியாக அமையவில்லை.