பறத்தலும் பொருள் காத்தலும்

வானூர்தி ஓட்டுதலும், பிறர் பொருளைக் காத்துப் பெருக்குதலும் தம்முள் தொடர்பில்லாத் தொழில்கள் என்றே பலரும் கருதுவர். ஒன்று விண்ணில் நிகழ்வது. மற்றொன்று கணக்கேட்டில் நிகழ்வது. எனினும், இரண்டிற்கும் முதற்கண் வேண்டப்படும் பண்பு ஒன்றே. அது துணிவு அன்று, அடக்கமே ஆகும்.

வானூர்தி ஓட்டப் பயில்வோன் தொடக்கத்திலேயே ஒரு பாடம் கற்கிறான். ஊர்தியின் முகப்பை அளவுக்கு மீறி உயர்த்தினால், இறக்கைகளின்மேல் காற்று ஒழுங்காகத் தவழ்ந்து செல்லாது. தாங்கும் ஆற்றல் குன்ற, ஊர்தி கீழே இறங்கும். அப்போது முகப்பை மேலும் உயர்த்துமாறு அச்சம் தூண்டும். அதற்கு இணங்கினால் வீழ்ச்சி மிகும். முகப்பைத் தாழ்த்துவதே பிழைக்கும் வழி. சிறிது உயரத்தை இழக்க ஒருப்படுபவனே மீண்டும் பறக்கும் ஆற்றலைப் பெறுகிறான்.

நிதித்துறையில் புகும் இளைஞனும் இதனையே கற்றல் வேண்டும். இழப்பு நேர்ந்தவிடத்து அதனை ஒப்புக்கொண்டு அளவோடு நிறுத்துவதே அறிவுடைமை. இழந்ததை மீட்கும் பொருட்டு மேலும் பணத்தைக் கொட்டுதல், இறங்கும் ஊர்தியின் முகப்பை உயர்த்துதலை ஒக்கும்.

இலண்டனில் 1762ஆம் ஆண்டு தோன்றிய பேரிங்ஸ் வங்கியின் வரலாறு இதற்குச் சான்று பகரும். சிங்கப்பூரில் அவ்வங்கியின் சார்பில் வாணிகம் செய்த நிக் லீசன் என்பவர், தமக்கு நேர்ந்த இழப்புகளை 88888 என்னும் எண்ணுடைய கணக்கில் மறைத்து வந்தார். 1995 சனவரியில் சப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியது. அந்நாட்டுப் பங்கு விலைகள் சரிந்தன. அவரோ விலை ஏறும் என்று நம்பி மேன்மேலும் ஒப்பந்தங்களை வாங்கினார். இழப்பு எண்பது கோடிப் பவுனுக்கு மேற்பட்டது. அடுத்த திங்களிலேயே, 233 ஆண்டு நிலைத்த வங்கி வீழ்ந்தது.

அவரைத் தடுப்பார் இலரோ? வாணிகம் செய்தவரும் அவரே. அதன் கணக்கை முடிக்கும் பிரிவின் தலைவரும் அவரே. பிறிதொரு கண் அங்கு இல்லாமற் போயிற்று.

விமானிகள் இவ்வுண்மையை முன்னரே உணர்ந்தனர். 1935 அக்டோபர் 30ஆம் நாள், அமெரிக்காவின் டேட்டன் நகரருகே போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு ஊர்தியொன்று எழுந்தவுடனே விழுந்தது. தேர்ந்த விமானிகளே அதில் இருந்தனர். ஆயினும், வால்பகுதியைப் பிணித்திருந்த பூட்டை விடுவிக்க மறந்தனர். இருவர் உயிர் நீத்தனர். அதன்பின், செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதிவைத்துச் சரிபார்க்கும் வழக்கம் வேரூன்றியது. பல்லாயிரம் மணி நேரம் பறந்த விமானியும் இன்று அப்பட்டியலைப் படித்தே புறப்படுகிறார். அதனை இழிவாக எண்ணுவதில்லை.

விமானி தவறினால், பயணிகளோடு தாமும் வீழ்வார். பொருள் காப்போன் தவறினாலோ, தன் கைப்பொருள் குறையாதிருக்கவும் பிறர் பொருள் அழியும். ஆதலின், விமானியினும் அவனுக்கே அடக்கம் மிகுதியும் வேண்டும். தன் கணக்கைப் பிறர் ஆராய்வதை மகிழ்ந்து ஏற்பவனிடமே பிறர் பொருளை ஒப்படைத்தல் தகும்.